634-க்கும் 635-க்கும் நடுவே 54 மில்லிமீட்டர்

கோடுகளைச் சரியாகத்தான் கீறியிருந்தேன். ஆனாலும் சக ஆண்டு வட்டின் முள் 634-இல் நின்றபோது கலி ஆண்டு வட்டின் முள் 633-இல் நின்றது. ஒரே ஒரு பிரிவு தள்ளி.

செய்ய நினைத்தது இதுதான்: கர்நாடகத்து ஐஹொளெ கல்வெட்டின் ஆண்டை எடுத்துக்கொண்டு, அந்த ஒற்றை ஆண்டுக்கு எந்தெந்தக் கணக்கில் என்னென்ன பெயர் என்று ஒரே பார்வையில் காட்டும் பலகை. பெங்களூர் அல்சூரில் நாங்கள் இருக்கும் குடியிருப்பில் ஞாயிறு காலை பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறோம். அவர்களுக்காகத்தான் இது. வார நாட்களில் பீன்யாவில் ஒரு டூல் ரூமில் மில்லிங் மெஷின் ஓட்டுகிறேன். வட்டைப் பிரிப்பதும் துளை போடுவதும் எனக்கு அன்றாட வேலை.

போன டிசம்பர் விடுமுறையில் பாதாமிக்கு ரயிலில் போய், அங்கிருந்து ஏறத்தாழ 35 கி.மீ. தள்ளி ஐஹொளெயில் மேகுடிக் குன்றில் ஏறினோம். உச்சியில் சமணக் கோயில். அதன் வெளிச்சுவரில் ரவிகீர்த்தி எழுதிய கல்வெட்டு. மொழி சமஸ்கிருதம், எழுத்து பழைய கன்னடம். சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசி காவிரியைக் கடந்ததையும், பல்லவ மன்னனைக் காஞ்சி மதிலுக்குப் பின்னால் ஒதுங்க வைத்ததையும் புகழ்ந்து பாடுகிறது. நமக்கு அது தோற்றவர்கள் பக்கத்துக் கதை. அதனாலேயே எனக்கு அந்தச் சுவருக்கு முன்னால் கொஞ்ச நேரம் நிற்கத் தோன்றியது. ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகள் பள்ளியில் கன்னடம் படிப்பவள். வரிகளைத் தடவித் தடவிப் பார்த்து நாலைந்து எழுத்துகளை அடையாளம் கண்டுகொண்டாள். திரும்பும்போது ரயிலில் கேட்டாள்: "அப்பா, ஒரு புத்தகத்துல 634-ன்னு போட்டிருக்கு, இன்னொண்ணுல 634–35-ன்னு போட்டிருக்கு. எது சரி?"

"ரெண்டும் ஒண்ணுதான்" என்றேன். அந்தப் பதில் எனக்கே போதவில்லை.

அந்தக் கல்வெட்டு தன் ஆண்டை இரண்டு விதமாகச் சொல்கிறது. பாரதப் போரிலிருந்து 3735; இதைக் கலி ஆண்டாகக் கொள்கிறார்கள். சக மன்னர்களின் கணக்கில் 556; அது கி.பி. 78-இலிருந்து எண்ணுவது. எழுதிய புலவரே இரண்டு அளவு கொடுத்திருக்கிறார் என்றால், ஒன்றை வைத்து இன்னொன்றைச் சரிபார்க்கலாம். பட்டறையில் நாங்கள் எந்த முக்கியமான அளவையும் இரண்டு கருவியில் பார்ப்போம், அது போல.

முதல் வடிவம் வட்டுகள். 6 மி.மீ. எம்.டி.எஃப். பலகையில் நான்கு வட்டு, விட்டம் 400, 320, 240, 160. நடுவில் 8 மி.மீ. போல்ட், வாஷர்கள், நைலாக் நட்டு. சாதா நட்டு போட்டால் பிள்ளைகள் சுற்றச் சுற்றக் கழன்றுவிடும். சாமான் எல்லாம் எஸ்.பி. ரோட்டில் ஒரே கடையில் கிடைத்தது. ஒவ்வொரு வட்டிலும் 60 பிரிவு, ஏனென்றால் சின்ன வட்டில் பிரபவ முதல் அட்சய வரை நம் அறுபது ஆண்டுப் பெயர்கள் வர வேண்டும். பெரிய வட்டில் கி.பி. 600 முதல் 659 வரை. அதற்குள் சகம் 522 முதல் 581 வரை. அதற்குள் கலி. 60 பிரிவு என்றால் ஒன்றுக்கு 6 பாகை. வட்டைச் சம பாகமாகப் பிரிக்கும் டிவைடிங் ஹெட் 40-க்கு 1 விகிதம். ஒரு பிரிவுக்குக் கைப்பிடியை மூன்றில் இரண்டு சுற்று சுற்ற வேண்டும், அதாவது 18 துளை வட்டத்தில் 12 துளை. சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு, ஷிஃப்ட் முடிந்த பிறகு இரண்டு மாலையில் கீறி முடித்தேன். வட்டுகளை ஒன்றோடொன்று பொருத்தி, நகராமல் இருக்க டவல் பின் (துளையில் இறுகும் சிறு முளை) அடித்தேன்.

அப்புறம்தான் அந்த 633.

முதலில் டிவைடிங் ஹெட்டில் பேக்லாஷ், அதாவது பற்களுக்கு நடுவே தளர்வு, இருக்குமோ என்று சந்தேகப்பட்டேன். இருந்தாலும் அது ஒரு பாகைகூட வராது. இங்கே தள்ளியிருப்பது முழு 6 பாகை. கோணமானி வைத்து 60 கோட்டையும் மறுபடி எண்ணினேன். எல்லாம் சரி. வட்டில் கோளாறு இல்லை என்றால் கணக்கில்தான்.

கலியுகம் கி.மு. 3102 பிப்ரவரி 18-இல் தொடங்கியது என்பது வழக்கமான கணக்கு. கி.பி. 600-க்கு நேரே 600-ஐயும் 3102-ஐயும் கூட்டி 3702 என்று போட்டிருந்தேன். எங்கே பிசகு என்பது மறுநாள் வேலையில் ஸ்டீல் ரூலைக் கையில் எடுத்தபோது பிடிபட்டது. ரூலில் 0 என்று ஒரு கோடு உண்டு. கி.மு., கி.பி. வரிசையில் அது கிடையாது. கி.மு. 1-இன் டிசம்பர் 31 முடிந்தால் மறுநாள் கி.பி. 1. இந்தக் கிறிஸ்து ஆண்டுக் கணக்கை 525-இல் வகுத்த டயோனிசியஸ் எக்சிகுவஸ் அதை ஒன்றிலிருந்துதான் தொடங்கினார். ஆகவே எல்லையைத் தாண்டிக் கூட்டும்போது ஒன்றைக் குறைக்க வேண்டும். வானியலாளர்கள் இந்தத் தொல்லைக்காகவே கி.மு. 1-ஐ 0 என்றும், கி.மு. 3102-ஐ மைனஸ் 3101 என்றும் எழுதுகிறார்கள். 3735-இலிருந்து 3101 போனால் 634. சக 556-உடன் 78 கூட்டினாலும் 634. ரவிகீர்த்தியின் இரண்டு அளவும் இம்மி பிசகாமல் பொருந்தின. அந்த நிமிடம் எனக்கு உண்மையிலேயே உடம்பு சிலிர்த்தது.

பழுது பார்ப்பது சுலபமாக இருந்தது. டவல் பின்னைத் தட்டி எடுத்து, கலி வட்டை ஒரு பிரிவு நகர்த்தி, பழைய துளையை ஃபெவிகாலும் மரத்தூளும் குழைத்து அடைத்து, புதுத் துளை போட்டேன். 60 எண்ணில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டியிருந்தது: 3761 என்று இருந்த இடத்தில் 3701.

இந்த இடத்தில் ஒன்று சொல்லாமல் போக மனம் வரவில்லை. பூஜ்யத்தை இட மதிப்போடு எழுதும் மிகப் பழைய சான்றுகளில் ஒன்று லோகவிபாகம் என்ற சமண நூல். அதன் ஆண்டு சக 380, அதாவது கி.பி. 458. அதே நூல் அந்த ஆண்டைக் காஞ்சி மன்னன் சிம்மவர்மனின் 22-ஆம் ஆட்சியாண்டு என்றும் சொல்கிறது. பல்லவர் காலக்கணக்கில் தொங்கவிட ஒரு ஆணி அங்கேதான் கிடைக்கிறது.

எங்கள் கீழ்த்தளத்தில் ஓய்வுபெற்ற கன்னட ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். எல்லோருக்கும் அவர் மேஷ்ட்ரு. சமஸ்கிருதமும் தெரிந்தவர். அச்சில் வந்த கல்வெட்டு வாசகத்தை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். அந்த இரண்டு செய்யுளையும் நிறுத்தி நிறுத்திப் படித்தார். எண் முழுதாக வரவில்லை. துண்டு துண்டாக, யாப்புக்கு ஏற்றபடி இடம் மாறி வருகிறது. முப்பது, மூவாயிரம், எழுநூறு, ஐந்து. அப்புறம் ஐம்பது, ஆறு, ஐநூறு. நான் எண்ணை மட்டும் விரலில் கூட்டிக்கொண்டிருந்தேன். அவர் ஒரு சொல்லில் விரலை வைத்து நிறுத்தினார்: சமதீதாசு. "கடந்துபோன பிறகு" என்று பொருள் சொன்னார். பாரதப் போர்க் கணக்கிலும் அப்படியே, "சென்ற" ஆண்டுகள் 3735.

"மேஷ்ட்ரே, அப்படின்னா 556-ஆவது வருஷம் இல்லையா?"

"இல்லை. 556 முடிஞ்சாச்சு. 557 நடக்குது."

இதை விளக்க நான் பெரிய பாடமே எடுத்திருப்பேன். பக்கத்தில் கறிகாய் நறுக்கிக்கொண்டிருந்த என் அம்மா அன்றைக்கே முடித்துவிட்டார். எதிர்வீட்டுக் குழந்தைக்கு என்ன வயது என்று யாரோ கேட்க, "நாலு முடிஞ்சு அஞ்சு நடக்குது" என்றார். அவ்வளவுதான் விஷயம். வயதை நாம் இரண்டு விதமாகவும் சொல்கிறோம், கேட்பவர் குழம்புவதில்லை. ஸ்டீல் ரூலில் 4 என்ற கோடு நான்கு சென்டிமீட்டர் முடிந்த இடம். அதற்கு அப்புறம் இருக்கும் கட்டம் ஐந்தாவது. கல்வெட்டுகளில் ஓராண்டு வித்தியாசம் வரும்போது, பாதி நேரம் இந்த "முடிந்தது", "நடப்பது" இரண்டுக்கும் நடுவில்தான் சிக்கல்.

தமிழிலும் இதற்கு அழகான ஒரு சொல் உண்டு. பழனிக்குப் பக்கத்தில் ஐவர்மலையில் ஒரு வட்டெழுத்துக் கல்வெட்டு. சகரை யாண்டு எழுநூற்றுத் தொண்ணூற்றிரண்டு "போந்தன", வரகுணற்கு யாண்டு எட்டு என்கிறது. போந்தன, அதாவது போய்விட்டன. சக 792 போந்தன என்றால் கி.பி. 870; அது வரகுண பாண்டியனின் எட்டாம் ஆட்சியாண்டு; ஆகவே அவன் பட்டமேறியது 862 என்று வரலாற்றாசிரியர்கள் கணக்கிட்டார்கள். பலகையில் "கழிந்த ஆண்டு" என்று எழுத இருந்த இடத்தில் எல்லாம் "போந்தன" என்றே எழுதிவிட்டேன். பிள்ளைகளுக்கு அந்தச் சொல் ரொம்பப் பிடித்துப்போனது. இப்போது மிட்டாய் தீர்ந்தாலும் போந்தன என்கிறார்கள்.

வட்டு வேலை செய்தது. ஆனால் இரண்டாவது ஞாயிறே அது போதாது என்று தெரிந்துவிட்டது. வகுப்பில் ஒரு பையன், குடும்பம் வாணியம்பாடிப் பக்கத்திலிருந்து வந்தது, "எங்க ஹிஜ்ரி கணக்குல அது எத்தனை சார்?" என்று கேட்டான். 634-இலிருந்து 621-ஐக் கழித்து 13 என்று சொல்லிவிட்டேன். அந்த ஆண்டுக்கு அது சரிதான். வட்டில் இன்னொரு வளையம் சேர்க்கலாம் என்று கணக்குப் போட்டால், 60 சூரிய ஆண்டுக்குள் ஏறக்குறைய 62 ஹிஜ்ரி ஆண்டு வருகிறது. ஹிஜ்ரி ஆண்டு நிலவை மட்டும் பார்த்து 354 அல்லது 355 நாளில் முடிந்துவிடுவது. கோட்டுக்கு நேர் கோடு வராது. அதோடு இன்னொரு குறை: வட்டில் எல்லா ஆண்டும் ஒரே கோட்டில் தொடங்கி ஒரே கோட்டில் முடிவதாகக் காட்டியிருக்கிறேன். சக ஆண்டு ஜனவரியில் தொடங்குவதே இல்லையே. மகள் ரயிலில் கேட்ட கேள்விக்கு வட்டில் பதிலே இல்லை.

ஆகவே இரண்டாவது வடிவம்: பட்டைகள். ஒரு நாளுக்கு ஒரு மில்லிமீட்டர்.

இந்த அளவுகோலைத் தேர்ந்தது நல்லதாகப் போயிற்று. ஆண்டு 365 மி.மீ., கையால் பிடிக்கலாம். 9 மி.மீ. ப்ளைவுட் நாலடி நீளத்துக்கு வாங்கினேன், 1220 மி.மீ. இருந்தது. 634, 635 இரண்டு ஆண்டுக்கு 730 போதும் என்று நினைத்து வாங்கியது. மிச்சம் இருந்ததால் 636-ஐயும் சேர்த்தேன். அது நெட்டாண்டு, 366, மொத்தம் 1096. பலகை மீது குறுக்கே மர பீடிங்கை இணையாக அடித்து, நடுவில் 35 மி.மீ. அகலப் பட்டைகள் வழுக்கி ஓடும்படி தடம் செய்தேன். பட்டைகள் 5 மி.மீ. ஃபோம் ஷீட். மேல் தடத்தில் ஜூலியன் மாதங்கள். அந்தக் காலத் தேதிகளை வரலாற்றாசிரியர்கள் ஜூலியன் நாட்காட்டியில்தான் எழுதுகிறார்கள். ஏழாம் நூற்றாண்டில் அதற்கும் இன்றைய கிரிகோரியன் கணக்குக்கும் 3 நாள் வித்தியாசம்.

ஃபோம் ஷீட் வெட்டுவதில் முதலில் கஷ்டப்பட்டேன். பிளேடை ஒரே அழுத்தில் இழுத்தால் ஓரம் நசுங்கி ஒன்றரை மி.மீ. போய்விடுகிறது. இங்கே ஒன்றரை மி.மீ. என்றால் ஒன்றரை நாள். புது பிளேடு போட்டு, ஸ்டீல் ரூலைச் சாய்க்காமல், லேசாக மூன்று இழுப்பு. அப்புறம் பெரிய தப்பு ஒன்று செய்தேன். மூன்று ஹிஜ்ரிப் பட்டையை ஒன்றை ஒட்டி ஒன்றாக வைத்துக்கொண்டே போனேன். மூன்றாவது பட்டை வருவதற்குள் 4 மி.மீ. தள்ளிப் போய்விட்டது. பட்டறையில் புதுப்பையன்களுக்கு நானே சொல்லும் பாடம் இது: ஒரு துளையிலிருந்து அடுத்த துளையை அளக்காதே, பிழை கூடிக்கொண்டே போகும், எல்லாத் துளையையும் டேட்டத்திலிருந்து, அதாவது ஒரே தொடக்கக் குறியிலிருந்து, அள. பட்டைகளை எடுத்துவிட்டு, 634 ஜனவரி 1-ஐ டேட்டமாக வைத்து, ஒவ்வொரு தொடக்கத்தையும் அங்கிருந்தே அளந்து பென்சில் குறி போட்டேன்.

சரி, அந்தக் குறிகள் எங்கே விழுந்தன என்பதுதான் இந்த வேலையில் எனக்குக் கிடைத்த சொத்து.

ஹிஜ்ரி 13-இன் முஹர்ரம் முதல் நாள் 634 மார்ச் 7. டேட்டத்திலிருந்து 65 மி.மீ. சக ஆண்டுப் பட்டை சைத்ர சுக்ல பிரதமையில், அதாவது அமாவாசைக்கு மறுநாள் வரும் சைத்திர முதல் நாளில், தொடங்க வேண்டும். மார்ச் 5 வாக்கில் அமாவாசை. சூரியன் மேஷ ராசிக்குள் நுழையும் மேஷ சங்கராந்தி அதற்குப் பின் மார்ச் 20 வாக்கில் வருவதால் அந்தச் சந்திர மாதமே சைத்திரம். ஆக மார்ச் 6, 64 மி.மீ. இரண்டு பட்டையும் ஒன்றுக்கு அடியில் ஒன்று, ஒரே அமாவாசையிலிருந்து புறப்படுகின்றன! தொடக்கத்தில் ஒரு மில்லிமீட்டர்தான் வித்தியாசம். அரேபியாவில் ஹிஜ்ரி 13 பிறந்தபோது ஐஹொளெயில் சக 556 போந்து 557 பிறந்தது.

அடுத்த ஆண்டு? ஹிஜ்ரி 14 தொடங்குவது 635 பிப்ரவரி 25, 420 மி.மீ. சைத்திரம் பிப்ரவரி 24 வாக்கில், 419 மி.மீ. மறுபடியும் சேர்ந்தே. இரண்டும் நிலவைப் பார்த்து நடப்பவை, ஆகவே கைகோத்துப் போகின்றன. 636-இல்தான் பிரிகின்றன. ஹிஜ்ரி 15 பிப்ரவரி 14-இல் வந்துவிடுகிறது. நம்மூர்ப் பஞ்சாங்கம் சூரியனை விட்டுக் கொடுக்காது. நடுவில் ஒரு அதிக மாதத்தைச் செருகிக்கொண்டு, சைத்திரத்தை மார்ச் 13 வாக்குக்குத் தள்ளுகிறது. பலகையில் 28 மி.மீ. இடைவெளி பளிச்சென்று தெரிகிறது. அதிக மாதத்தைப் பற்றி எத்தனையோ முறை படித்திருக்கிறேன். 383 மி.மீ. நீளத்துக்கு ஒரு பட்டையை என் கையால் வெட்டியபோதுதான் அது மனதில் ஏறியது.

சூரிய ஆண்டுப் பட்டை, அதாவது நம் சித்திரை முதல் நாள், 78 மி.மீ.-இல். மார்ச் 20 வாக்கு. "சித்திரை ஒண்ணு ஏப்ரல் 14 இல்லையா?" என்று பிள்ளைகள் கேட்டார்கள். கிரிகோரியன் கணக்குக்கு மாற்றினால் மார்ச் 23. மிச்சமுள்ள 22 நாள் மெல்ல மெல்ல ஊர்ந்தது. நம் பஞ்சாங்க ஆண்டு விண்மீன்களை வைத்து அளப்பது. பருவங்களின் ஆண்டைவிட 24 நிமிடம்போல நீளம். 1390 ஆண்டில் அந்த நிமிடங்கள் சேர்ந்து மூன்று வாரத்துக்கு மேல் ஆகிவிட்டன. ரவிகீர்த்தி காலத்தில் சித்திரைப் பிறப்பும் பகலும் இரவும் சமமாகும் நாளும் இரண்டே நாள் இடைவெளியில் வந்தன.

அறுபது பெயர் வட்டை என்ன செய்வது என்று கொஞ்ச நாள் தடுமாறினேன். அதில் 634-க்கு நேரே ஜய என்று வருகிறது. 1987 பிரபவ, அங்கிருந்து அறுபது அறுபதாகப் பின்னால் போனால் 607 பிரபவ, 634 ஜய. கணக்கில் தப்பில்லை, ஆனால் அந்தக் காலத்தவர் அப்படி அழைத்திருக்க மாட்டார்கள். இந்தப் பெயர்கள் வியாழனுடையவை. வியாழன் சராசரியாக ஒரு ராசியைக் கடக்க 361 நாள். என் அளவில் 361 மி.மீ. பட்டை, சூரியப் பட்டையைவிட 4 மி.மீ. குட்டை. 85 ஆண்டுபோல ஆனால் ஒரு முழுப் பெயர் முந்திவிடும், அப்போது ஒரு பெயரை விட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவ வேண்டும். வடக்கில் அந்தத் தாவல் தொடர்ந்தது. தெற்கில் பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை விட்டுவிட்டு, ஆண்டுக்கு ஒரு பெயர் என்று நேராகப் போக ஆரம்பித்தோம். சான்றும் பக்கத்திலேயே இருக்கிறது. பாதாமிக்கு அருகில் மகாகூடத்தில் கிடைத்த, சாளுக்கிய மன்னன் மங்கலேசனின் தூண் கல்வெட்டு, சித்தார்த்த ஆண்டு "நடக்கும்போது" என்கிறது. அதைப் பொதுவாக கி.பி. 602 என்று கொள்கிறார்கள். என் வட்டுக் கணக்கிலோ சித்தார்த்தி 599-இல் வருகிறது. மூன்று பிரிவு வித்தியாசம். வட்டைக் கெடுக்காமல், 905-க்கு முந்திய ஆண்டுகளுக்கு இதை நம்பக் கூடாது என்று ஒரு சிவப்புப் புள்ளி வைத்துவிட்டேன். அறுபதாம் கல்யாணத்துக்குப் பெயர் திரும்பி வருவதைக் காட்ட வட்டு இன்னும் பயன்படுகிறது.

வெளிநாட்டுப் பட்டைகளை வேகமாக முடித்தேன். சீனாவில் தாங் பேரரசர் தைசோங்கின் செங்குவான் 8. அறுபது சுழற்சியில் ஜியாவூ, மரக் குதிரை ஆண்டு. தொடக்கம் பிப்ரவரி முதல் வாரம். அறுபதில் சுற்றும் பழக்கம் அங்கும் இருக்கிறது என்று கேட்டுப் பிள்ளைகளுக்கு ஆச்சரியம். யுவான் சுவாங் அந்த ஆண்டு இந்தியப் பயணத்தில் இருந்தார். கான்ஸ்டான்டினோபிளில் ஹெராக்ளியஸ் ஆட்சி. அங்கே 15 ஆண்டு வரிச் சுழற்சியில் எண்ணினார்கள், செப்டம்பர் 1-இல் 7 முடிந்து 8 தொடங்கியது. 243 மி.மீ. பாரசீகத்தில் மன்னர் மூன்றாம் யஸ்டகர்டின் மூன்றாம் ஆண்டு ஜூன் 16-இல் தொடங்கியது, 166 மி.மீ. அவர் 651-இல் கொல்லப்பட்டார், பின்னால் பட்டமேற யாரும் இல்லை. ஆகவே அவருடைய ஆட்சியாண்டையே பார்சிகள் இன்றுவரை எண்ணிக்கொண்டு போகிறார்கள். 2025-இல் அது 1395. குயின்ஸ் ரோட்டில் பார்சிகளின் கோயிலைத் தாண்டிப் போகும்போதெல்லாம் இப்போது அந்த எண் நினைவுக்கு வருகிறது.

எழுத்துக்கு இரண்டு நிறம் வைத்தேன். 634-இல் உயிரோடு இருந்தவர்கள் உண்மையில் அந்த ஆண்டுக்கு வழங்கிய பெயர் கறுப்பில். நாம் பின்னால் போய் ஒட்டிய பெயர் நீலத்தில். சகம், கலி, செங்குவான், யஸ்டகர்ட், வரிச் சுழற்சி கறுப்பு. ஹிஜ்ரி 13 நீலம், ஏனென்றால் ஹிஜ்ரி என்று எண்ணுவதைக் கலீபா உமர் ஏற்படுத்தியதே 638 வாக்கில்தான். விக்கிரம 691 நீலம். அந்தத் தொடர் அப்போது இருந்தது, விக்கிரமன் பெயர்தான் அதன்மேல் இன்னும் ஏறவில்லை. திருவள்ளுவர் ஆண்டு 665, நீலம். ஜய, நீலம். கி.பி. 634 என்பதும் தக்காணத்தைப் பொறுத்தவரை நீலம்தான். கொல்லம் ஆண்டுக்குப் பட்டையே வெட்டவில்லை; அது 825-இல் பிறக்கிறது.

கடைசித் தடம் காஞ்சிக்கு. அதுதான் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது. தமிழ்நாட்டில் அப்போது ஆண்டுக்குப் பெயர் அரசனின் ஆட்சியாண்டு. முதலாம் நரசிம்மவர்மன் 630 வாக்கில் பட்டத்துக்கு வந்தவன் என்பதால், நாலாவதோ ஐந்தாவதோ. பட்டமேறிய நாளிலிருந்து ஆண்டு தொடங்கும். ஒரு அரசன் முடிந்து அடுத்தவன் ஆண்டை எண்ணினால், அவனும் முடிந்து அடுத்தவன். நான் ஹிஜ்ரிப் பட்டைகளை ஒட்டி ஒட்டி வைத்து 4 மி.மீ. இழந்தது போலத்தான் இதுவும். ஒவ்வொரு இணைப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிழை சேரும். சக ஆண்டு டேட்டத்திலிருந்து அளப்பது. ஐவர்மலைக் கல்வெட்டு இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வதால்தான் பாண்டியர் சங்கிலியின் ஒரு கண்ணியை டேட்டத்தோடு கட்ட முடிந்தது. ஐஹொளெ கல்வெட்டு பல்லவருக்கு எதிரி எழுதியது, ஆனால் அந்தப் போர் எப்போதைக்கு முன் நடந்தது என்பதற்கு நமக்குக் கிடைத்த உறுதியான எல்லைக்கோடும் அதுவே. பிறகு 642-இல் நரசிம்மவர்மன் வாதாபியை, அதாவது இன்றைய பாதாமியை, பிடித்து, அங்கே பாறையில் தன் ஆட்சியாண்டைப் போட்டு எழுதி வைத்தான். காஞ்சிப் பட்டைக்கு இரு முனையையும் நேராக வெட்டாமல், கையால் பிய்த்துச் சொரசொரப்பாக விட்டுவிட்டேன்.

எல்லாம் பொருத்திய பிறகு பலகையைத் தள்ளி நின்று பார்த்தால் செங்கல் சுவர் மாதிரி இருந்தது. ஒரு வரிசையின் இணைப்பு அடுத்த வரிசையில் வராது. மேலிருந்து கீழே ஒரு மீன்பிடி நரம்பைக் கட்டி, பக்கவாட்டில் நகரும்படி செய்தேன். நரம்பை ஒரு நாளில் நிறுத்தினால் அந்த நாளுக்கு எல்லாக் கணக்கிலும் என்ன ஆண்டு என்று படிக்கலாம். 634 ஆகஸ்ட் 23-இல், கலீபா அபூபக்கர் காலமான நாளில், வரிச் சுழற்சி இன்னும் 7. பத்து நாள் தள்ளினால் 8. மற்ற பட்டைகளில் எதுவும் மாறவில்லை.

மகளிடம் நரம்பைக் கொடுத்து, 556 போந்தன பட்டை எங்கே முடிகிறது என்று பார்க்கச் சொன்னேன். 419-இல் நிறுத்தினாள். மேலே பார்த்தாள். கி.பி. 634 முடிவது 365-இல். நடுவில் ரூலை வைத்து அளந்தாள். 54.

"இந்த 54 நாளும் 635-ல இருக்கு."

"ஆமா."

"கல்வெட்டுல மாசம் போட்டிருக்கா?"

இல்லை. ஆண்டு மட்டுமே இருக்கிறது. எந்த மாதத்தில் வெட்டினார்கள் என்று ரவிகீர்த்தி சொல்லவில்லை. அவள் இன்னொரு தடவை அளந்தாள், 54-தான் வந்தது. பலகையின் தலைப்பில் நான் கி.பி. 634 என்று ஸ்டிக்கர் வெட்டி ஒட்டியிருந்தேன். நகத்தால் அதன் ஓரத்தைக் கிளப்பி, மெதுவாக உரித்து, கத்தரிக்கோலும் மிச்சமிருந்த கறுப்பு ஸ்டிக்கர் தாளும் எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். 634, ஒரு கோடு, 35. கோட்டை மட்டும் 54 மி.மீ. நீளத்துக்கு வெட்டினாள். தலைப்புக்கு அது கொஞ்சம் நீளம்தான், எழுத்துகளை நெருக்கி ஒட்ட வேண்டியிருந்தது.